மலைநாட்டு முகிலும் பம்பின் ஓசையும்



மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இயந்திர ஓசை புதியதன்று. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளில் தேயிலைத் தொழிற்சாலையை அடுத்த லயங்களில் பிறந்து வளர்ந்த குழந்தைகள், கொழுந்தை உருட்டும் ரோலரின் முனகலையும், உலர்த்தும் அடுப்புக்கு வெப்பக் காற்றைச் செலுத்தும் பெருவிசிறியின் இரைச்சலையும் தாலாட்டாகக் கேட்டே உறங்கியிருப்பார்கள். அந்த ஓசையில் சிறு வேறுபாடு தோன்றினாலும் தொழிற்சாலையின் இயந்திர வினைஞர் அதை உடனே உணர்ந்துவிடுவார். பேரிங் ஒன்று தேய்ந்திருக்கின்றதா, பெல்ட் தளர்ந்திருக்கின்றதா, விசிறியின் இதழ் எங்கேனும் உராய்கின்றதா என்பதைக் கண்ணால் காணுமுன்னரே காதால் அறிந்துகொள்வது அவர் தொழிலின் ஒரு பகுதியாகும். ஓசையைக் கொண்டு நோயை அறியும் இந்தக் கலைக்கு மலையில் மட்டுமன்றி வானத்திலும் இடமுண்டு. பழைய சிறு விமானம் ஒன்றில் வெற்றிடப் பம்பு வழக்கத்துக்கு மாறான ஓசை எழுப்பினால் அதன் காரணத்தை எவ்வாறு ஆராய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு சிறு பம்பின் ஓசையைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். மலைநாட்டு வானத்தின் இயல்பை முதலில் எண்ணிப் பாருங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அதற்கு அருகே நிமிர்ந்து நிற்கும் பீதுருதாலகாலை மலையின் உயரம் 2,524 மீற்றர். மேற்கே சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். காலையில் பளிச்சென்று தெரிந்த மலைமுகடு நண்பகலுக்குள் முகிலுக்குள் மறைந்துபோவதும், பள்ளத்தாக்கு முழுவதும் பாலைக் கொட்டியதுபோல் மூடுபனி நிரம்புவதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். சமவெளியில் முகிலுக்குள் வழி தவறிய விமானி கீழே இறங்கி நிலத்தைத் தேடலாம். மலைநாட்டிலோ முகிலுக்குள் மலையே மறைந்திருக்கின்றது.

அந்த மலைகள் எத்துணைக் கொடியவையாக மாறக்கூடும் என்பதை 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரவு உலகம் கண்டது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த ‘மார்ட்டின் எயர்’ நிறுவனத்தின் டிசி-8 விமானம், மஸ்கெலியாவுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரும் மாண்டனர். அந்த விபத்துக்கும் நாம் இன்று பேசும் பம்புக்கும் தொடர்பில்லை. தாம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து விமானிகள் உரிய உயரத்துக்குக் கீழே இறங்கியமையே அதற்குக் காரணம். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் விமானப்படையின் வை-12 வகைச் சிறு விமானம் ஹப்புத்தளையில் வீழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். இவற்றை இங்கே நினைவூட்டுவதன் நோக்கம் ஒன்றே: மலைகளின் நடுவே பறப்பவனுக்குத் தன் கருவிகளைத் தவிர வேறு துணையில்லை. அக்கருவிகளுள் இரண்டுக்கு உயிரூட்டுவது அந்தச் சிறு பம்பு.

மனிதன் தன் உடலுணர்வை மட்டும் நம்பி முகிலுக்குள் பறக்க முடியாதா? முடியாது. நம் காதின் உட்பகுதியில் நீர்மம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உடல் திரும்பும்போது அந்த நீர்மம் அசைவதால் திரும்புகின்றோம் என்று உணர்கின்றோம். ஆனால், ஒரே சீராக இருபது விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் நீர்மமும் குழாயோடு சேர்ந்து சுழன்று அசைவற்றதுபோல் ஆகிவிடும். அப்போது நேராகச் செல்கின்றோம் என்றே உள்ளுணர்வு சொல்லும். விமானம் ஒருபுறம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், மூக்கு மெல்லக் கீழே தாழும், வேகம் ஏறும், வேகம் ஏறுவதைக் கண்ட விமானி மூக்கை உயர்த்த முயல்வான், சாய்ந்த நிலையில் அவ்வாறு செய்வதால் சுழற்சி மேலும் இறுகும். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்துப் பறக்கும் பயிற்சி பெறாத இருபது பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். வெளியுலகம் மறைக்கப்பட்டதும் இருபது பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்க இயலாது போயினர். சிலருக்கு 20 விநாடியிலேயே அந்த நிலை வந்தது. மிக நீண்டு தாக்குப்பிடித்தவருக்கு 480 விநாடி. சராசரி 178 விநாடி; அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை.

இந்தக் குறையை நீக்க வந்ததே கைரோ என்னும் கருவி. அதனை விளங்கிக்கொள்ள நம் வீட்டுப் பம்பரமே போதும். சுழலாத பம்பரம் தரையில் சாய்ந்து விழும். வேகமாகச் சுழலும் பம்பரமோ நிமிர்ந்து நிற்கும். தள்ளினாலும் தன் நிலையை எளிதில் விட்டுக்கொடாது. விமானத்தின் கருவிப் பலகைக்குள் அத்தகைய சிறு சக்கரம் ஒன்றை வைத்து நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலவிட்டால், விமானம் எப்பக்கம் சாய்ந்தாலும் சக்கரம் சாயாது. சாயாத சக்கரத்தோடு ஒப்பிட்டு விமானத்தின் சாய்வை அறியலாம். இவ்வாறு அமைந்ததே செயற்கை அடிவானம் என்னும் கருவி. இன்னொரு சக்கரம் திசையைக் காட்டும் கைரோவாக அமைகின்றது. 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் நியூயோர்க்கில் ஜேம்ஸ் டூலிட்டில் என்ற விமானி, வெளியே எதையும் பாராமல் கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை மேலேற்றிச் சுற்றிவந்து தரையிறக்கினார். அன்று அவருக்கு உதவியவற்றுள் ஸ்பெரி நிறுவனத்தார் செய்த இந்த இரண்டு கைரோக் கருவிகளும் அடங்கும்.

பம்பரத்தைச் சுற்றச் சாட்டை வேண்டும். கைரோவுக்குச் சாட்டையாக இருப்பது காற்று. கருவிப் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சி வெளியேற்றுகின்றது. அதனால் ஏற்படும் குறைவை நிரப்ப வெளிக்காற்று வடிகட்டியின் வழியாக உள்ளே பாய்கின்றது. அந்தப் பாய்ச்சல் சக்கரத்தின் விளிம்பிலுள்ள சிறு குழிவுகளில் மோதி அதனைச் சுழற்றுகின்றது. நீர்ச்சக்கரத்தை ஓடைநீர் சுற்றுவதுபோன்றதே இது. இதற்கு வேண்டிய உறிஞ்சல் பெரும்பாலான சிறு விமானங்களில் நான்கரை முதல் ஐந்தரை அங்குலப் பாதரச அளவு. ஐந்து அங்குலப் பாதரசம் என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஒரு குழாயில் தண்ணீரை 68 அங்குலம், அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்றி நிறுத்தும் வலிமை என்று கொள்ளலாம். இந்த அளவைக் காட்டும் சிறு கடிகாரம் போன்ற உறிஞ்சல்மானி கருவிப் பலகையில் இருக்கும். ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் சேவையைத் தொடங்கிய எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானங்களிலும் கைரோக்களை இயக்கியவை எஞ்சினால் ஓடும் வெற்றிடப் பம்புகளே.

இனி, பம்பின் உள்ளமைப்பைப் பார்ப்போம். எஞ்சினின் பின்புறத்தில், பல்சக்கரங்கள் அடங்கிய பகுதியில் அது பொருத்தப்பட்டிருக்கும். உருண்டையான கூட்டுக்குள் மையம் விலகி அமைந்த உருளை ஒன்று சுழலும். உருளையில் வெட்டிய பிளவுகளுக்குள் சிறு தகடுகள் வழுக்கி நிற்கும். சுழற்சி வேகத்தில் அத்தகடுகள் வெளியே எறியப்பட்டுக் கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடி, ஒருபுறம் காற்றை வாங்கி மறுபுறம் தள்ளும். பழைய வகையில் தகடுகள் உருக்கினால் ஆனவை. எஞ்சின் எண்ணெயே அவற்றுக்கு மசகு. இதனை ஈரப் பம்பு என்பர். 1960-களில் பரவிய மற்றொரு வகையில் உருளையும் தகடுகளும் கரியினால் ஆனவை. பென்சிலின் கரி காகிதத்தில் வழுக்குவதுபோல், தேயும் கரித்தூளே மசகாகின்றது; எண்ணெய் வேண்டியதில்லை. இதுவே உலர் பம்பு. இலேசானது, எண்ணெயைக் கக்காது. ஆனால் கரி நொறுங்குந் தன்மை உடையது. அது நொறுங்கி இறுகிவிட்டால் எஞ்சினின் பல்சக்கரங்கள் முறியக்கூடும். அதனைத் தவிர்க்கவே, பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே முறிவதற்கென்றே மென்மையான இணைப்பு ஒன்றை வைத்திருக்கின்றார்கள். பம்பு இறுகும்போது இந்த இணைப்பு முறிந்து எஞ்சினைக் காக்கும்.

இப்போது ஓசைக்கு வருவோம். வழக்கத்துக்கு மாறான ஓசை கேட்டவுடன் பம்பைக் கழற்றிப் புதியது மாட்டுவது ஆராய்ச்சியாகாது. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் ஒழுங்காகச் சில கேள்விகளைக் கேட்டுச் செல்ல வேண்டும்.

முதலாவது கேள்வி: அந்த ஓசை காதுக்குக் கேட்கின்றதா, காதணிக்குள் மட்டும் கேட்கின்றதா? விமானி அணியும் ஒலிவாங்கிக் காதணியில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை ஒன்று கேட்பதுண்டு. தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காதணியைக் கழற்றிப் பாருங்கள். ஊளை மறைந்துவிட்டால் அது பம்பின் ஓசையன்று. மின்னாக்கியின் மின் இரைச்சல் வானொலிக்குள் கலந்திருக்கின்றது. அயல்வீட்டு மின்மோட்டார் ஓடும்போது உங்கள் வானொலிப் பெட்டியில் கேட்கும் கரகரப்புக்கும் இதற்கும் உறவுண்டு.

இரண்டாவது கேள்வி: எஞ்சின் வேகத்தை ஓசை பின்தொடர்கின்றதா? ‘லைக்கோமிங்’ ஓ-320 எஞ்சினில், எஞ்சின் ஒருமுறை சுற்றும்போது பம்பு 1.3 முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றானால் பம்பு 3,120 சுற்று. ஆகவே பம்பின் ஓசை எஞ்சினோடு சேர்ந்தே ஏறியிறங்கும். ஆனால் இது மட்டும் சான்றாகாது. மின்னாக்கியின் பேரிங், மாக்னீட்டோ, புகைக்குழாயின் கசிவு ஆகியவையும் எஞ்சினையே பின்தொடர்கின்றன. எஞ்சின் வேகம் மாறியும் மாறாமல் ஒரே சீராகச் சீறும் ஓசையோ, தளர்ந்த குழாயினூடாகக் காற்று கசிவதன் அறிகுறியாக இருக்கக்கூடும்.

மூன்றாவது கேள்வி: அப்போது உறிஞ்சல்மானி என்ன சொல்கின்றது? காதும் கண்ணும் சேர்ந்து சாட்சி சொன்னாலன்றித் தீர்ப்புக் கூறலாகாது. ஓசையும் இருக்கின்றது, முள்ளும் நடுங்குகின்றது என்றால், தகட்டின் முனை உடைந்திருக்கலாம். அல்லது உறிஞ்சலைச் சீராக்கும் வால்வு துடிக்கலாம். சீராக்கியின் துடிப்பு பெரும்பாலும் கருவிப் பலகைக்குப் பின்னாலிருந்து வண்டு முரல்வதுபோல் கேட்கும். பம்பின் ஓசையோ நெருப்புத் தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து வரும். ஓசை எழுகின்றது, முள் மட்டும் உரிய இடத்தில் அசையாது நிற்கின்றது என்றால், பம்பைத் தவிர அதன் அயலாரையும் விசாரிக்க வேண்டும்.

நான்காவது கேள்வி: எஞ்சின் நின்ற பிறகு என்ன கேட்கின்றது? இது மிகப் பயனுள்ள சோதனை; செலவும் இல்லாதது. எஞ்சினை நிறுத்தி, மற்றெல்லா மின்கருவிகளையும் அணைத்துவிட்டுக் கருவிப் பலகையருகே அமைதியாக இருங்கள். பம்பு அப்போதே நின்றுவிடும். ஆனால் கைரோச் சக்கரங்கள் பம்பரம்போலத் தம் வேகத்திலேயே சில நிமிடம் சுழன்றுகொண்டிருக்கும். நல்ல கைரோவின் ஓசை மெல்லிய ரீங்காரம். சிறிது சிறிதாகத் தேய்ந்து மறையும். மணலை அரைப்பதுபோன்ற கரகரப்பு எழுந்தாலோ, சக்கரம் விரைவில் நின்றுவிட்டாலோ, பழுது பம்பில் இல்லை, கைரோவின் பேரிங்கில் இருக்கின்றது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்பை மாற்றுவோர் நல்ல பம்பை எறிந்துவிட்டுக் கெட்ட கைரோவோடு மறுபடியும் வானேறுகின்றனர்.

ஐந்தாவது, ‘டக், டக்’ என்ற ஓசை. எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போது உலர் பம்பின் தகடுகளை வெளியே எறியும் விசை குறைவு. அவை பிளவுக்குள் விழுந்தெழும்போது மெல்லிய தட்டொலி உண்டாகலாம். எஞ்சின் வேகம் ஏறியதும் அது மறைந்துவிடுமாயின் அஞ்சுவதற்கில்லை. ஆனால் முன்பு இல்லாத தட்டொலி புதிதாகத் தோன்றினாலும், இருந்த ஒலி நாளுக்கு நாள் உரத்தாலும் தகடுகள் தேய்ந்து குறுகிவிட்டன என்று ஐயுற வேண்டும். குறுகிய தகடு பிளவுக்குள் சாய்ந்து சிக்கும். சிக்கினால் உருளையே நொறுங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சின் நின்றிருக்கையில் முன்விசிறியைக் கையால் சுற்றினால் உரத்த ‘டக்’ ஒலி ஒன்று கேட்கும். அது எஞ்சினைத் தொடக்கிவிட உதவும் மாக்னீட்டோவின் வில் இணைப்பு விடுபடும் ஒலி, பம்பின் குறையன்று. அன்றியும் மாக்னீட்டோவின் மின்கம்பி அறுந்திருந்தால் கையால் சுற்றிய விசிறியே எஞ்சினைக் கிளப்பி ஆளை வெட்டிவிடும். விசிறியை எப்போதும் உயிருள்ள பாம்பாகவே கருத வேண்டும். ஓடும் எஞ்சினின் அருகே சென்று காதை வைத்துக் கேட்பதும் கூடாது.

இக்கேள்விகளால் ஐயம் பம்பின்மீதே வந்து நின்றால், உரிமம் பெற்ற விமானப் பொறியியலாளரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். அவர் பம்பைக் கழற்றி, அதன் உரிய திசையிலே கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். தடையோ சொரசொரப்போ இருக்கின்றதா, இணைப்பில் வெடிப்புண்டா, பம்பைத் தாங்கும் இடத்தில் எண்ணெய் கசிந்திருக்கின்றதா என்பவற்றைக் கவனிப்பார். உலர் பம்புக்கு எண்ணெய் நஞ்சு. கரித்தூளோடு எண்ணெய் கலந்தால் பசையாகித் தகடுகளைப் பிணித்துவிடும். எஞ்சினைக் கழுவும்போது தெறிக்கும் கரைப்பானும் அவ்வாறே. சில பம்புகளில் தகட்டின் தேய்வைப் பார்ப்பதற்கென்றே சிறு துளை ஒன்றுண்டு. பம்பைக் கழற்றிய இடத்தை உரிய மூடியால் அடைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் ஒரு நல்ல முறை. ஓசை போய்விட்டால் குற்றவாளி பம்பு. போகவில்லையெனில், எஞ்சினின் உள்ளிருக்கும் பல்சக்கரங்களை ஆராய வேண்டும். அது பம்பைவிடப் பெரிய செய்தி.

பம்பை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய பம்பு நொறுங்கியிருந்தால் அதன் கரித்துண்டுகள் குழாய்களில் தங்கியிருக்கும். அவற்றை அகற்றாமல் புதிய பம்பை மாட்டினால் அது தன் முன்னோன் எலும்பை விழுங்கித் தானும் மாளும். பழைய விமானத்தின் றப்பர்க் குழாய்கள் வெளியே நல்லனவாகத் தோன்றினாலும் உள்ளே உரிந்து காற்றின் வழியை அடைத்திருக்கக்கூடும். இணைப்புகளில் நாடா சுற்றுவதும் தவறு. அதன் நூலிழை ஒன்று உள்ளே சென்றாலும் போதும். வடிகட்டி அழுக்கேறினால் பம்பு மூச்சுத் திணறி உழைத்துச் சூடேறும். விமானத்துக்குள் புகைபிடித்த காலத்தில் புகையிலைப் பிசினே பல வடிகட்டிகளை அடைத்தது. உறிஞ்சல்மானி குறைவாகக் காட்டுகின்றது என்பதற்காகச் சீராக்கியைத் திருகி முள்ளை உயர்த்துவோர் உண்டு. அடைப்பை நீக்காமல் அளவை மட்டும் திருத்துவது, காய்ச்சல்காரனின் வெப்பமானியைக் குளிர்நீரில் நனைப்பது போன்றது. காய்ச்சல் போகாது, நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கின்றோம்.

மலையின் உயரமும் இங்கே ஒரு பங்கு வகிக்கின்றது. நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு 80 பங்கு அளவே. காற்று மெலிந்த இடத்தில் அதே உறிஞ்சலை உண்டாக்கப் பம்பு கூடுதலாக உழைக்க வேண்டும். ரத்மலானையில் கடலோரத்தில் முள் சரியாக நின்ற பம்பு, மலைமீது ஏறும்போது தன் முதுமையைக் காட்டிக்கொடுக்கலாம். ஆகவே தரையில் பார்த்த அளவோடு திருப்தியடையாமல், ஏறும்போது ஒவ்வோர் உயரத்திலும் முள்ளை நோக்குவதும், சென்ற மாதத்து அளவோடு ஒப்பிடுவதும் நன்று. அளவையும் ஓசையையும் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வைத்தால் மாற்றம் தானே புலப்படும். நினைவு மறந்துபோகும், எழுத்து மறவாது.

இனி, முக்கியமான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சில நாளாக முனகிக்கொண்டிருந்த பம்பு ஒருநாள் தானாகவே மௌனமாகிவிட்டால், குறை தீர்ந்தது என்று மகிழலாகாது. இணைப்பு முறிந்து பம்பு ஓய்ந்திருக்கலாம். எஞ்சின் முன்போலவே இனிமையாக ஓடும், ஓசையும் இராது, முள் மட்டும் பூச்சியத்தில் கிடக்கும். வீட்டில் ஓயாது அழுத குழந்தை திடீரென்று அமைதியானால் தாய் எழுந்து சென்று பார்ப்பதில்லையா? அதுபோன்றதே இதுவும். உலர் பம்புகள் பல முன்னறிவிப்பின்றியே முறிகின்றன என்பதையும் மறக்கலாகாது. ஓசை எழுப்பும் பம்பு நமக்கு ஓர் உதவி செய்கின்றது; தன் முடிவை முன்கூட்டியே அறிவிக்கின்றது. அந்த அறிவிப்பை அலட்சியம் செய்வதே பெருங்குற்றம்.

வானத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? பம்பு நின்ற கணத்திலேயே கைரோ விழுந்துவிட்டால்கூட விமானி விழித்துக்கொள்வான். ஆனால் சக்கரம் மெல்ல மெல்லத் தளர்கின்றது. செயற்கை அடிவானம் சிறிது சிறிதாகச் சாய்கின்றது. நம்பிக்கையான நண்பன் பொய் சொல்லத் தொடங்குவதுபோல், அதன் சாய்வைத் தன் விமானத்தின் சாய்வென்று எண்ணிய விமானி, நேராகச் செல்லும் விமானத்தைத் தானே சாய்த்துவிடுகின்றான். ஆகவேதான் உறிஞ்சல்மானியை அடிக்கடி நோக்குமாறு பயிற்றுவிக்கின்றார்கள். முள் வீழ்ந்திருக்கக் கண்டால், பொய் சொல்லும் அந்த இரண்டு கருவிகளையும் ஒரு காகிதத்தால் மூடிவிட வேண்டும். மின்சாரத்தால் ஓடும் திருப்பங்காட்டி, வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி ஆகிய நான்கும் பெரும்பாலான சிறு விமானங்களில் எஞ்சியிருக்கும். அவற்றைக் கொண்டு இறக்கைகளை மட்டமாக வைத்து, மலைகளை விட்டு விலகித் தெளிந்த வானத்தை நாட வேண்டும். கட்டுப்பாட்டு நிலையத்துக்கு நிலைமையைத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும்.

இக்காலத்துப் புதிய விமானங்கள் பலவற்றில் வெற்றிடப் பம்பே இல்லை. மின்னணுத் திரைகள் சாய்வையும் திசையையும் காட்டுகின்றன. பழைய விமானங்கள் சிலவற்றிலும் மின்சாரத்தால் ஓடும் கைரோவோ, எஞ்சினைச் சாராத துணைப் பம்போ சேர்த்திருக்கின்றார்கள். ஆயினும் நாற்பது, ஐம்பது ஆண்டு வயதான சிறு விமானங்கள் உலகெங்கும் இன்னும் பறக்கின்றன. பல மாணவர்கள் தம் முதற் பாடத்தை அவற்றிலேயே கற்கின்றனர். அவர்களுடைய உயிருக்கு, கையளவான அந்தப் பம்பும், அதன் ஓசையைக் கேட்டு ‘இன்று இந்த விமானம் முகிலுக்குள் போகவேண்டாம்’ என்று துணிந்து சொல்லும் பொறியியலாளருமே காவல். அவ்வாறு சொல்வது எளிதன்று. பயணம் தடைப்படும், செலவு கூடும், ‘ஒரு சிறு ஓசைக்காகவா?’ என்று கேட்பவர்களும் இருப்பார்கள். தொழிற்சாலையில் பேரிங் ஒன்று உடைந்தால் ஒருநாள் கொழுந்து வீணாகும். மலைமுகட்டின் முகிலுக்குள் பம்பு உடைந்தாலோ திருத்துவதற்கு மறுநாள் வாராது. காரணம் தெரியாத ஓசை எதுவும், காரணம் தெரியும்வரையில் சிறிய ஓசையன்று.